இஸ்ரவேலுக்கு இன்னும் முறை வரவில்லை

கூடையைக் காலால் தள்ளாதீர்கள் தம்பி. உள்ளே ஆள் இருக்கிறது.

ஆள் என்றால் ஆள் இல்லை, புறா. பயப்படாதீர்கள், கடிக்காது. உங்கள் பேண்டில் எதுவும் படாது, அடியில் துணி மடித்துப் போட்டிருக்கிறேன். கண்டக்டர்கூட முதலில் முறைத்தார். கோழிக்கு லக்கேஜ் போடணும் என்றார். கோழி இல்லை, பந்தயப் புறா, விமானம் மாதிரி என்றேன். "விமானம்னா பறந்து வரச் சொல்லும். எதுக்கு பஸ்ல ஏத்துதீரு?" என்று கேட்டுவிட்டு முன்னால் போய்விட்டார். டிக்கெட் கிழிக்கிறவரிடம் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

உங்களிடம் சொல்லலாம். நீங்கள் வள்ளியூர் வரைக்கும் எங்கேயும் எழுந்து போக முடியாது. ஜன்னல் பக்கம் நீங்கள் இருக்கிறீர்கள், வழியை அடைத்து நான் இருக்கிறேன், காலடியில் கூடை இருக்கிறது.

நான் தவசிமுத்து. திசையன்விளையில் 'முத்து சவுண்ட் சர்வீஸ்' போர்டைப் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லையா? சரி, சத்தமாவது கேட்டிருப்பீர்கள். இந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தக் கோயிலில் கொடை விழா என்றாலும், எந்தச் சர்ச்சில் அசன விருந்து என்றாலும், எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும் என் ஸ்பீக்கர் குழாய்தான் பனையில் தொங்கும். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டேன். மிச்சப் படிப்பெல்லாம் மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுதான். எந்தப் பேச்சாளர் எங்கே மூச்சு வாங்குவார், பதில் தெரியாதபோது யார் தண்ணீர் குடிப்பார், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் மைக்கில் நான் பேசியது என்னவோ "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" மட்டும்தான். எந்தக் கூட்டத்திலும் முதலில் பேசுகிறவன் நான். அதை யாரும் பேச்சு என்று கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தப் புறா என்னுடையது இல்லை. அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். இது இஸ்ரவேலுடையது.

வள்ளியூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு பேக்கரி இருக்கிறது, தேங்காய் பன்னுக்குப் பேர் போனது. அதன் முதலாளிதான் இஸ்ரவேல். கடைக்கு மேலே மொட்டை மாடியில் அவனுடைய புறாக்கூண்டு. நல்ல கூண்டுதான், பச்சைப் பெயிண்ட் அடித்து, காற்று வர வழி வைத்து. ஆள்தான் நல்லவன் இல்லை.

ஏன் என்று கேட்க மாட்டீர்களா? நானே சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. வள்ளியூர் வட்டாரப் பந்தயப் புறா நண்பர்கள் சங்கம். பெயரில் நண்பர்கள் என்று போட்டிருக்கிறோம், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் வளர்ப்பது ஹோமர். வீடு திரும்புகிற சாதி. வேனில் ஏற்றிக்கொண்டு போய் மதுரையில் திறந்துவிட்டாலும் வரும், திருச்சியில் விட்டாலும் வரும், விழுப்புரத்தில் விட்டாலும் வரும். யாருடையது முதலில் தன் கூண்டில் இறங்குகிறதோ அவருக்குக் கோப்பை. கோப்பை என்றால் பிளாஸ்டிக்தான், அதற்காகச் செத்துப்போவோம்.

போன வருஷம் விழுப்புரம் பந்தயத்தில் எங்கள் சங்கத்துப் புறாக்கள் பாதிக்கு மேல் வரவில்லை. மாடியில் நின்று வானத்தைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அதற்கப்புறம் வாட்சப் குரூப்பில் ஆரம்பித்தது சண்டை. இஸ்ரவேல் சொன்னான், எல்லாம் வெயில், பூமி சூடாகிக்கொண்டே வருகிறது, கரியை எரித்து எரித்து வானத்தைக் கெடுத்துவிட்டோம், புகை விடாத அணு உலைதான் இதற்கு வழி, நல்லவேளை நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது என்று. எனக்கு எப்படிக் கோபம் வந்தது தெரியுமா? வெயில் எந்தக் காலத்தில் இல்லை? என் அப்பா காலத்தில் வெயில் இல்லையா? உலை வேண்டாம், அது எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது, அதோ சுற்றுகிறது பாருங்கள் காற்றாலை, அது போதும் என்று நான் சொன்னேன். சுயம்பு என்று ஒருவர், டிராக்டர் மெக்கானிக், அவர் இரண்டுமே இல்லை, செல்போன் டவர்தான் என்றார். அதையும் செல்போனில்தான் சொன்னார்.

பேச்சு வளர்ந்தது. நான் அவனை "ரஸ்க்கு விஞ்ஞானி" என்றேன். அவன் என்னை "டெஸ்டிங் தலைவர்" என்றான். அன்றைக்கே சங்கத் தலைவி குரூப்பைப் பூட்டிவிட்டார்.

தலைவி யாரென்றால் ஜெபமணி டாக்டரம்மா. கால்நடை டாக்டர். அவரும் ஹோமர் வளர்க்கிறவர்தான், ஆனால் எங்களைப் போல இல்லை, தோற்றாலும் சிரிக்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் தன் வீட்டு மாடிக்கு வரச் சொன்னார். "பேசலாம். உலையப் பத்தியும் பேசலாம், வெயிலப் பத்தியும் பேசலாம், டவரப் பத்தியும் பேசலாம் சுயம்பண்ணே. ஆனா மரியாதையாப் பேசணும்" என்றார்.

மரியாதைக்கு அவர் ஒரு சட்டம் வைத்தார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. எதிராளி சொல்வதை முதலில் நாம் சொல்ல வேண்டும். கேலி பண்ணாமல், குறைக்காமல், அவர் மனசில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே சொல்ல வேண்டும். அவர் கேட்டுவிட்டு "அதேதான்" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும், தலையாட்டினால் செல்லாது. அவர் வாயிலிருந்து "அதேதான்" வந்த பிறகுதான் நம் கட்சியை, அதாவது நம் வாதத்தை, நாம் பேசலாம். அதுவரைக்கும் நமக்கு முறை கிடையாது.

நல்ல சட்டம் என்று நானும் கை தட்டினேன். கை தட்டியதை மறைக்கவில்லை.

அன்றைக்கு நான் மைக் செட்டோடு போனேன். டாக்டரம்மா வீட்டு மாடிச் சுவரில் குழாயைக் கட்டினேன். இஸ்ரவேல் பார்த்துவிட்டு, "பத்துப் பன்னெண்டு பேருக்கு எதுக்குவே குழாயி? காது கேக்காதவன் எவன் இருக்கான்?" என்றான். நான் முடிச்சை இன்னும் இறுக்கினேன். வாழ்க்கையில் முதல் முறையாக என் மைக்கில் நானே பேசப்போகிறேன். அதை டெஸ்டிங் மாதிரி பேச முடியுமா?

முதல் முறை எனக்கு. அவன் கட்சியை நான் சொல்ல வேண்டும். சொன்னேன் தம்பி! எத்தனை வருஷம் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், எல்லாம் வந்து நாக்கில் நின்றது. "மதிப்பிற்குரிய இஸ்ரவேல் அவர்கள் சொல்கிறார், கரி எரிகிற புகை கண்ணுக்குத் தெரிகிறது, அது வானத்துக்குப் பண்ணுகிற கெடுதல் கண்ணுக்குத் தெரியவில்லை. காற்றாலை ஆடி மாதம் சுற்றும், ஐப்பசியில் தூங்கும். அவர் பேக்கரி அடுப்புக்கு ஆடியும் ஒன்றுதான், ஐப்பசியும் ஒன்றுதான். ஊர் முழுக்க உள்ள விளக்குக்கும் அப்படித்தான். உலையில் பயம் இருக்கிறது, இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆனால் வருமோ வராதோ என்கிற பயத்தை விட, வந்துகொண்டே இருக்கிற வெயில் பெரிய பயம். போன மாசம் அவருடைய மூத்த சேவல் புறா கூண்டுக்கு எதிரே வந்து, இறங்க முடியாமல், வாயைத் திறந்துகொண்டு தெருவில் விழுந்ததே, அதை அவர் மறக்கவில்லை" என்று சொன்னேன். குரலை எங்கே இறக்க வேண்டுமோ அங்கே இறக்கினேன். கீழே தெருவில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு மேலே பார்த்தார்கள்.

நான் முடிக்கக்கூட இல்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதேதான்" என்றான்.

பார்த்தீர்களா அவன் குணத்தை? ஒரு தடவையாவது "அது இல்லவே, இன்னும் கொஞ்சம் சரியாச் சொல்லும்" என்று சொல்ல வேண்டாமா? நான் இன்னும் இரண்டு தடவை பேசத் தயாராக வந்திருந்தேன். உடனே ஒப்புக்கொண்டு என் பேச்சையே சுருக்கிவிட்டான். அது முதல் குற்றம்.

இப்போது அவன் முறை. என் கட்சியை அவன் சொல்ல வேண்டும். மைக்கைக் கையில் வாங்கினான். முதலில் ஒழுங்காகத்தான் போனான். உலையின் கழிவை எங்கே கொண்டுபோய் வைப்பது, எத்தனை தலைமுறைக்குக் காவல் இருப்பது, கடல் தண்ணீருக்கு என்ன ஆகும், மீன்பாடு என்ன ஆகும், தப்பே நடக்காது என்று மனுசன் எப்படிச் சத்தியம் பண்ண முடியும். எல்லாம் நான் சொல்கிறதுதான். நான் "அதேதான்" சொல்வதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அவன் நிறுத்தவில்லை.

"ஆனா இதெல்லாம் தவசி வெளிய சொல்றது. உள்ள ஒண்ணு இருக்கு" என்றான். "ஒருநாள் சைரன் ஊதினா, பஸ் வரும். ஆளுகள ஏத்திட்டுப் போயிருவாங்க. மனுசனுக்கு எடம் இருக்கும், ஆட்டுக்குக்கூட ஏதாவது வழி பண்ணுவாங்க, புறாவுக்கு எவன் எடம் குடுப்பான்? சரின்னு கூண்டத் திறந்து விட்டுட்டுப் போனாலும், நம்மது ஹோமர். எங்க விரட்டினாலும் திரும்பி வரும். ஊரே காலியாக் கெடக்கும், அதுக்கு என்ன தெரியும்? வந்து மாடில எறங்கி, தவசி தீனிக்குக் கம்பு கொண்டு வருவான்னு உக்காந்திருக்கும். வரதுக்கு அதுக்குத் தெரியும். வராம இருக்கத் தெரியாது. அதுதான் தவசியோட பயம். வேற ஒண்ணும் இல்ல."

என் மைக்கில் தம்பி. என் குழாயில். நான் கட்டிய வயரில். கீழே தெரு பூராவும் கேட்டது.

அதை நான் அவனிடம் எப்போதோ டீ குடிக்கும்போது சொல்லியிருப்பேன். டீ குடிக்கும்போது மனுசன் ஆயிரம் சொல்வான். அதையெல்லாம் எடுத்து மைக்கில் வைப்பதா? ஊரில் உலையை எதிர்க்கிறவர்கள் மண்ணுக்காக எதிர்க்கிறார்கள், கடலுக்காக எதிர்க்கிறார்கள், பிள்ளைகளுக்காக எதிர்க்கிறார்கள். தவசிமுத்து புறாவுக்காக எதிர்க்கிறான் என்றால் என்ன நினைப்பார்கள்? கீழே ஒரு பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்தது. அழுகிறதா சிரிக்கிறதா என்று மேலேயிருந்து தெரியவில்லை. சுயம்பு டவரைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். டாக்டரம்மா, "சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

நான் சொன்னேன், "அது இல்லை."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "இல்லையா?" என்றான். "இல்லை" என்றேன். சரி என்று புறாவை எடுத்துவிட்டு, கழிவு, கடல், மீன் மட்டும் சொன்னான். "அதுவும் இல்லை" என்றேன். எப்படி அதுவாக இருக்கும்? அதெல்லாம் நான் வெளியே சொல்கிறது என்று அவனே சொல்லிவிட்டானே. மூன்றாவது தடவை, "பின்ன எதுதான்வே?" என்று கேட்டான். "கண்டுபிடியும்" என்றேன்.

அப்புறம் ஆம்ப்ளிபயரை அணைத்தேன். வயரைச் சுற்றினேன். குழாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். நான் யாரையும் வையவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. மரியாதையாகத்தான் பேச வேண்டும் என்றார்கள், மரியாதையாகத்தான் வந்தேன்.

ராதாபுரம் வந்துவிட்டதா? இங்கே பஸ் கொஞ்சம் நிற்கும். நீங்கள் இறங்கி டீ குடிக்கப் போகிறீர்களா? வேண்டாமா? நல்லது. கதையின் நடுவில் எழுந்தால் எனக்குத் தொடர்ச்சி விட்டுப்போகும்.

அதற்கப்புறம் அவன் செய்த அட்டூழியத்தைக் கேளுங்கள். சட்டம் சட்டம்தான் என்று பிடித்துக்கொண்டான். கடையில் யாராவது, "என்ன அண்ணாச்சி, வெயில் இந்தப் போடு போடுது, உலை வேணுங்கீங்களா வேண்டாங்கீங்களா?" என்று கேட்டால், "எனக்கு இன்னும் மொற வரல்லப்பா. தவசி இன்னும் அதேதான் சொல்லல்ல" என்று சொல்லிவிட்டு பன் எடுத்துக் கொடுப்பானாம். ஒரு வருஷமாக இப்படி. வள்ளியூரில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னைப் பார்த்து, "சொல்லித்தான் தொலையுமேன்வே, பாவம் அந்த மனுசன்" என்கிறார்கள். குற்றவாளி யார், கெட்ட பெயர் யாருக்கு பார்த்தீர்களா?

அது போதாதென்று என் போனுக்குக் குரல் செய்தி அனுப்ப ஆரம்பித்தான். "வே தவசி, இந்தத் தடவ சரியாச் சொல்லிருவேன், கேளும்" என்று ஆரம்பித்து என் கட்சியைச் சொல்லுவான். ஒரு தடவை கழிவைப் பற்றி விலாவாரியாக விசாரித்துக்கொண்டு வந்து சொன்னான். ஒரு தடவை, "உமக்கு உலை மேல கோவம் இல்ல, மேல உள்ளவங்க ஊரக் கேக்காமக் கொண்டாந்து வச்சாங்களே, அந்தக் கோவம்" என்றான். அது கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு தடவை பின்னால் அடுப்புச் சத்தம், மாவு பிசைகிற ஆளிடம் "இருல, முக்கியமானது பேசிட்டிருக்கேன்" என்று கத்திவிட்டுப் பேசினான். எல்லாவற்றையும் நான் வைத்திருக்கிறேன். அழிக்கவில்லை. சாயங்காலம் புறாவுக்குத் தீனி வைக்கும்போது திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன். குறை கண்டுபிடிக்கத்தான். பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் இணைத்துக் கேட்டால்தான் குறை சரியாகத் தெரியும்.

பதில் நான் ஒன்றே ஒன்றுதான் அனுப்புவேன். "அது இல்லை."

இந்த வருஷ விழுப்புரம் பந்தயத்துக்கு நான் புறாவை அனுப்பவில்லை. ஏன் என்றால் எனக்கு இஷ்டமில்லை. வெயில் காரணம் இல்லை. அவன் அனுப்பினான். பந்தயம் முடிந்து இரண்டாம் நாள் மத்தியானம் என் மாடியில் ஒன்று வந்து விழுந்தது. சாம்பல் நிறப் பெட்டை, கழுத்தில் பச்சை மினுக்கு. எதிலோ மோதி இறக்கைக்கு அடியில் கிழிந்திருந்தது. வாய் பிளந்து, கண் சொருகி. காலில் வளையத்தைப் பார்த்தேன். வளையத்தைப் பார்க்காமலே தெரியும். அவன் கூண்டில் அது குஞ்சாக இருந்தபோது நான்தான் முதலில் கையில் எடுத்தேன். அப்போது நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவர் புறா வழி தப்பி வந்தால், வளையத்து எண்ணைச் சொல்லி அனுப்ப வேண்டும், தண்ணீர் வைத்துத் தேற்ற வேண்டும், தேறியதும் திறந்துவிட வேண்டும். நான் தேற்றினேன். மஞ்சள் வைத்தேன், டாக்டரம்மாவிடம் என் புறாவுக்கு என்று சொல்லி மருந்து வாங்கினேன். கம்பு வைத்தேன், தின்னவில்லை. சோளம் வைத்தேன், தின்னவில்லை. பேக்கரிக்காரன் புறா இல்லையா, பிறந்ததிலிருந்து ரஸ்க் தூள் தின்று கெட்டுப்போயிருக்கிறது. திசையன்விளையில் ரஸ்க் வாங்கிப் பொடித்து வைத்தேன். ஒரு கொத்து கொத்திவிட்டு என்னைப் பார்த்தது. அவன் கடை ரஸ்க் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டது! அப்புறம் வள்ளியூருக்கு ஆள் அனுப்பி அவன் கடையிலேயே வாங்கி வரச் சொன்னேன். யாருக்கு என்று சொல்லாதே என்று சொல்லி அனுப்பினேன்.

எண்ணைச் சொல்லி அனுப்பவில்லையா என்று கேட்கிறீர்கள். அவன் கேட்கட்டும் என்று இருந்தேன். "என் பெட்டை அங்க வந்துச்சா?" என்று ஒரு வார்த்தை. கேட்டால் சொல்ல மாட்டேனா? ஆனால் பந்தயத்துக்குப் பிறகு அவனிடமிருந்து குரல் செய்தியே இல்லை. எனக்கென்ன வந்தது, போனில் இடம் மிச்சம் என்று இருந்தேன். போன் ஒருவேளை கெட்டுப்போயிருக்குமோ என்று கடையில் கொடுத்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றார்கள்.

நேற்றுச் சாயங்காலம் சுயம்பு வந்தார். ஸ்பீக்கர் ஒன்று ரிப்பேருக்குக் கொடுக்க வந்தவர் போகிற போக்கில், "தெரியுமா, பேக்கரிக்காரரு கூண்டக் கலைக்கப் போறாராம். இந்தத் தடவ போனதுல ஒண்ணுகூட வரலியாம். இனிமே வெயில்ல அதுகளக் கொல்ல மனசில்லங்காரு. நாளைக்கு நாரோயில்லருந்து ஆள் வந்து கூண்டத் தூக்கிட்டுப் போறாங்க" என்றார்.

நாளைக்கு என்றால் இன்றைக்கு.

அதனால்தான் கூடை, அதனால்தான் பஸ். வேறு ஒன்றுமில்லை. அவன் பொருள் என்னிடம் இருக்கக் கூடாது. கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவேன். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன்.

என்ன கேட்டீர்கள்?

ஓ, பறக்கிறதை எதற்கு பஸ்ஸில் ஏற்றினேன் என்று நீங்களும் அதையே கேட்கிறீர்கள். கண்டக்டரும் நீங்களும் ஒரே ஊரா?

இறக்கை ஆறிவிட்டது, ஆமாம். பறக்குமா என்றால் பறக்கும். நேற்றுக்கூட என் அறையில் ஒரு சுற்று அடித்தது. என் மாடியில் திறந்துவிட்டால் நீங்கள் ராதாபுரம் வருவதற்குள் அது வள்ளியூரில் இருக்கும், அதுவும் உண்மை. ஆனால் வெளியே பாருங்கள் தம்பி, இது என்ன வெயிலா? காலையிலேயே தார் உருகுகிறது. என் அப்பா காலத்தில் இப்படியா இருந்தது? பங்குனியில் காற்று வரும், மேகம் போடும். இப்போது சித்திரை வருவதற்கு முன்னாலேயே வானம் அடுப்பு மாதிரி... 

சரி சரி, சிரிக்காதீர்கள். வெயில் எந்தக் காலத்திலும் உண்டு என்று நான்தான் சொன்னேன். எந்தக் காலத்திலும் உண்டு, இந்த அளவுக்கு இல்லை. அதை அவனிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

வெயிலை விடுங்கள். விடியற்காலையில் விட்டிருக்கலாமே என்பீர்கள். சொல்கிறேன். அங்கே கூண்டு இருக்கிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? இங்கே நான் திறந்துவிடுகிறேன், அது நேரே போகிறது, அதற்கு வேறு எங்கேயும் போகத் தெரியாது. அங்கே போய்ப் பார்த்தால் மாடி வெறுமையாக இருக்கிறது. கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு என்ன தெரியும்? கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டு, ரஸ்க் தூள் வரும், ரஸ்க் தூள் வரும் என்று... திரும்பி வருகிற ஒன்றுக்கு இருக்கிற ஒரே படிப்பு திரும்பி வருகிறதுதான். வந்து பார்க்கும்போது வீடு இல்லையென்றால்?

என்ன?

யார் சொன்னார்? இஸ்ரவேலா? இதையா?

இல்லை தம்பி. அவன் சொன்னது வேறு. அவன் சைரன் என்றான், உலை என்றான். இது கூண்டு. அது ஊர் காலியாவது, இது மாடி காலியாவது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

அது இல்லை.

...

நீங்கள் மருந்துக் கம்பெனி ஆளா? பையைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. வக்கீலோ என்று நினைத்தேன். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் இப்படி ஒரு கேள்வி.

சரி, ஒன்று கேட்கிறேன். ஒரு வார்த்தையை ஒரு வருஷம் சொல்லாமல் வைத்திருந்தால் அது கெட்டுப்போகுமா? மாவு மாதிரி புளித்துப்போகுமா? இல்லை, நான் சொல்லப்போகிறேன் என்று சொல்லவில்லை. பொதுவாகக் கேட்கிறேன். அந்த நாகர்கோவில் ஆளை நிறுத்த வேண்டுமென்றால் சட்டப்படி ஒரு வழிதான் இருக்கிறது. அவனுக்கு முறை வர வேண்டும். முறை வந்துவிட்டால் அவன் பேச ஆரம்பித்துவிடுவான். ஒரு வருஷப் பேச்சு பாக்கி. உலை, கரி, வெயில், காற்றாலை எல்லாம் பேசி முடிக்க அவனுக்கு ஒரு வருஷம் ஆகும், நான் ஒவ்வொன்றுக்கும் மறுப்புச் சொல்ல இன்னொரு வருஷம். பேசிக்கொண்டிருக்கிற ஆள் கூண்டைத் தூக்கிக் கொடுக்க முடியுமா? இது தந்திரம் தம்பி. தோல்வி இல்லை. உலை விஷயத்தில் நான் நின்ற இடத்திலேயேதான் நிற்கிறேன்.

அதோ காற்றாலை எல்லாம் முடிந்துவிட்டது. ரயில்வே கேட் தாண்டினால் பஸ் ஸ்டாண்ட். நேரம் இல்லை. எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். டெஸ்டிங் பண்ணாமல் நான் எந்த மேடையையும் விட்டதில்லை. நீங்கள் அந்தப் பின் சீட்டுக்குப் போய் உட்காருங்கள். போங்கள், வெட்கப்படாதீர்கள், காலியாகத்தான் இருக்கிறது. அங்கே வரைக்கும் கேட்கிறதா என்று கையைத் தூக்கிச் சொல்லுங்கள்.

ஹலோ. ஹலோ. ஒன் டூ த்ரீ.

அதே...

இருங்கள், கூடையைச் சரியாகப் பிடித்துக்கொள்கிறேன். கண்டக்டர் தம்பி, நீர் உம் வேலையைப் பாரும். இது எனக்கும் அவருக்கும்.

ஹலோ.

அதேதான்.

கேட்டதா? சரியாகக் கேட்கவில்லையா? பஸ் சத்தம். இன்னொரு தடவை. அதேதான்! ஆ, இப்போது கேட்டிருக்கும், டிரைவரே திரும்பிப் பார்க்கிறார்.

வழி விடுங்கள், வழி விடுங்கள். கூடை, கூடை. அங்கே பாருங்கள் தம்பி, ஜன்னல் வழியாகப் பாருங்கள், பேக்கரிக்கு மேலே. பச்சைப் பெயிண்ட் தெரிகிறதா? கூண்டு இருக்கிறது! வாசலில் வேன் நிற்கிறது, கயிறெல்லாம் எடுத்து வைத்திருக்கிறார்கள், ஆனால் கூண்டு இருக்கிறது. பக்கத்தில் வெள்ளைப் பனியனோடு ஒருத்தன் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நிற்கிறானே, அவன்தான் இஸ்ரவேல்.

முட்டாள் பயல். இத்தனை நாள் கழித்தும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கொஞ்சம் கீழே பார்த்தால் என்ன? பஸ்ஸில் வருகிறோம்.